பிரசவ கால ஆபத்துகள்: அபூர்வம்தான், ஆனால் அசட்டை கூடாது

(மைசூர் ஹெப்பாளில் நடந்த நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவரான அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மற்ற ஊர்களில் உள்ள அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் வெளியிடுகிறோம்.)



போன கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நம் காரியதரிசி, "டாக்டர் மாமி, அடுத்த மாதம் நீங்கள்தான் பேசவேண்டும், தலைப்பு உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலி, சர்க்கரை வியாதி என்று பேசினால் சபையில் பாதிப் பேருக்கு உபயோகமாக இருக்கும். ஆனால் ஹெப்பாள் முன்பு போல் இல்லை. இன்ஃபோசிஸ் வளாகம் வந்த பிறகு இங்கே குடியேறிய இளம் தம்பதிகள் ஏராளம். இந்த ஒரு வருஷத்தில் மட்டும் நம் கிளையில் மூன்று சீமந்தங்களுக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதனால் நாற்பது வருஷம் நான் பார்த்த வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

கர்ப்பிணிப் பெண்கள் யாராவது இங்கே இருந்தால், முதலில் ஒரு வார்த்தை. பயப்படாதீர்கள். பெரும்பாலான பிரசவங்கள் ஒரு தொல்லையும் இல்லாமல் நடக்கின்றன. நான் சொல்லப்போவது அபூர்வமாக வருபவை. ஆனால் வந்தால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

நம் வீட்டுப் புடவைக்கலம்

நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முன்பும் சீமந்தத்துக்கு முன்பும் சுமங்கலிப் பிரார்த்தனை செய்கிறோம். மடியாக உலர்த்திய ஒன்பது கஜம் புடவையைப் பலகையில் வைத்து, இலை போட்டு, குடும்பத்தில் சுமங்கலியாகப் போன பெண்டுகளை நினைத்து நமஸ்காரம் பண்ணுகிறோம். அந்தப் பெண்டுகள் எப்படிப் போனார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

எங்கள் வீட்டில் அந்தப் புடவை என் தாத்தாவின் முதல் சம்சாரத்துக்கு உரியது. எங்கள் பாட்டி இரண்டாந்தாரம். மூத்தவளைப் பற்றிப் பாட்டி சொல்வது இரண்டே வரிதான்: "பதினேழு வயசு. பிரசவத்தில் ஜன்னி கண்டு போய்விட்டாள்." மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் பாட்டியைத் துருவித் துருவிக் கேட்டேன். எட்டாம் மாதத்திலேயே கால் வீங்கி மெட்டி இறங்கவில்லையாம். முகமும் உப்பியிருந்ததாம். "புள்ளைத்தாச்சி பூசினாற்போல் இருக்கிறாள்" என்று ஊரில் சந்தோஷப்பட்டார்களாம். பிறகு இரண்டு நாள் மண்டையிடி. மூன்றாம் நாள் கண் மங்கலாகத் தெரிகிறது என்றாளாம். அன்று ராத்திரி வெட்டி வெட்டி இழுத்தது. காற்று சேஷ்டை என்று விபூதி போட ஆளை அழைத்து வந்தார்கள். விடிவதற்குள் தாயும் போய், வயிற்றில் இருந்த குழந்தையும் போய்விட்டது.

பாடப் புத்தகத்தில் எக்லாம்ப்சியா என்ற அத்தியாயத்தில் போட்டிருக்கும் அத்தனை அடையாளமும் பாட்டியின் வாயிலிருந்து வந்தது. அதைப் படித்தே இராத பாட்டி ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்தாள். ஜன்னி என்ற ஒரே பெயருக்குள் நம் முன்னோர்கள் இரண்டு வியாதிகளைப் போட்டுவிட்டார்கள். ஒன்று, ரத்த அழுத்தம் ஏறி வரும் இந்த வலிப்பு. மற்றொன்று, பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து ஜுரத்தில் பிதற்றுவது. இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. இரண்டுக்கும் இன்று மருந்தும் இருக்கிறது.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

வேலூர் மருத்துவக் கல்லூரியை எல்லோருக்கும் தெரியும். அது ஏன் உண்டாயிற்று என்பது நம் சமூகம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஐடா ஸ்கடர் என்ற பெண் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா டாக்டர், மிஷனரி. மகளுக்கு அந்த வேலையில் விருப்பமே கிடையாது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், 1890-களில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தார். ஒரு ராத்திரி ஒரு பிராமணர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தன் சின்னஞ்சிறு மனைவியைக் காப்பாற்ற வரவேண்டும் என்று கெஞ்சினார். "நான் டாக்டர் இல்லை, என் அப்பா வருவார்" என்றார் ஐடா. "அந்நிய ஆண்பிள்ளை என் மனைவியைப் பார்க்கக் கூடாது" என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அதே ராத்திரி ஒரு முஸ்லிம் வந்தார். பின் இன்னொரு ஹிந்து வந்தார். மூன்று பேருக்கும் அதே கேள்வி, அதே பதில். மறுநாள் காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா அமெரிக்கா திரும்பி, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த வருஷமே இங்கே வந்துவிட்டார். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த மூன்று பெண்களின் பெயர் கூட நமக்குத் தெரியாது. முதலாவதாக வந்தவர் நம்மவர் என்பதால் இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். அவர் மனைவியிடம் பிரியம் இல்லாதவர் அல்ல. பிரியம் இருந்ததால்தான் ராத்திரியில் ஓடி வந்தார். ஆசாரம் தடுத்துவிட்டது. இன்று அந்தத் தடை போய்விட்டது. வேறு சில தடைகள் இருக்கின்றன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று எங்கே நிற்கிறோம்

பிரசவத்தில் தாய் மரணத்தை, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். இந்தியாவில் 2001-03-ல் இது 301. 2018-20-ல் 97 ஆகக் குறைந்தது. அதே கணக்கெடுப்பில் கர்நாடகத்துக்கு 69, தமிழ்நாட்டுக்கு 54, கேரளத்துக்கு 19. பெரிய சாதனைதான். ஆனாலும் தேசம் முழுவதும் சேர்த்தால் வருஷத்துக்கு இருபதாயிரம் தாய்மார்களை ஒட்டி இழக்கிறோம்.

ரத்தப்போக்கு

இவற்றில் முதல் எதிரி ரத்தப்போக்கு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு விழுந்ததும், கர்ப்பப்பை இறுகிக் கல் மாதிரி ஆக வேண்டும். அந்த இறுக்கம்தான் திறந்திருக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து மூடுகிறது. அது இறுகாமல் தொளதொளவென்று இருந்துவிட்டால், குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் படித்து முடித்துச் சில வருஷம் ஆன சமயம். ஊர், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். விடியற்காலை சுகப்பிரசவம், பெண் குழந்தை. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போவதாகத் தோன்றியது. கண்ணால் பார்த்து "சுமார் 300 மில்லி" என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் ஓடி வந்தாள். நாடி 140. மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் வரை ஊறியிருந்தது. மருந்து எல்லாம் கொடுத்தோம். ரத்தம் ஜில்லாத் தலைநகரிலிருந்து வரவேண்டும். வாசலில் உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். "ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும், பலஹீனம் வரும்" என்று ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். கடைசியில் கொடுக்க முன்வந்தது ஆஸ்பத்திரி டிரைவர். அவர் பாட்டில் ஏறும்போது அந்தப் பெண் இல்லை. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்த "சுமார் 300" மட்டும் இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது.

இந்தத் தவறு என் ஒருத்தியின் தவறு அல்ல என்பதைப் பிற்பாடு நம் கர்நாடகமே நிரூபித்தது. பெல்காமில் (இன்றைய பெளகாவி) உள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், அமெரிக்க டாக்டர்களுடன் சேர்ந்து ஓர் எளிய சாதனம் செய்தார்கள். பிரசவமானவளின் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனியில் அளவுக்கோடு போட்ட பை. ரத்தம் பையில் இறங்கும், எவ்வளவு என்று படிக்கலாம். கண்ணால் மதிப்பிடுவது இந்தப் பையின் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கிறது என்று 2006-ல் வெளியிட்டார்கள். அதே வருஷம், பெல்காம் ஜில்லா கிராமங்களில் 1620 தாய்மார்களிடம் நடத்திய ஆராய்ச்சியும் லான்செட் பத்திரிகையில் வந்தது. கிராம நர்ஸ் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையால் ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. ஐஸ்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம்.

2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக, ஆப்பிரிக்காவின் நான்கு தேசங்களில் இதே மாதிரி அளவு விரிப்பை வைத்து, ரத்தம் அதிகம் என்று தெரிந்த உடனே வயிற்றை நீவுவது, மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து பார்த்தார்கள். கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. பங்களாதேஷில் டாக்டர் சயேபா அக்தர் என்ற அம்மையார், ஆணுறையை ஒரு ரப்பர் குழாயில் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்துச் சலைனால் உப்பச் செய்து ரத்தத்தை நிறுத்தினார். 23 பேரிடம் செய்து பார்த்து 2003-ல் வெளியிட்டார். 23 பேருக்கும் நின்றது. சில ரூபாய் செலவு. மூளையும் கருணையும் இருந்தால் ஏழை தேசமும் வழி கண்டுபிடிக்கும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

மிக அபூர்வமான மூன்று

முதலாவது, பனிக்குட நீர் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுவது. லட்சம் பிரசவத்தில் ஒரு சிலருக்கு மட்டுமே வரும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து, நீலம் பாரித்துப் போவாள். பிறகு ரத்தம் உறையும் சக்தியையே இழந்துவிடும். யாருக்கு வரும் என்று எந்த ஸ்கேனும் முன்கூட்டிச் சொல்லாது. ஐ.சி.யூ., மயக்க மருந்து நிபுணர், நிறைய ரத்தம் எல்லாம் பக்கத்தில் இருந்தால் சிலர் பிழைக்கிறார்கள்.

இரண்டாவது, கர்ப்பப்பை உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டுவிடுவது. நஞ்சு தானாகப் பிரிவதற்கு முன் அவசரப்பட்டு இழுப்பதால் வரலாம். தெரிந்த கை உடனே உள்ளே தள்ளிவிட்டால் பிழைப்பாள்.

மூன்றாவது, நஞ்சு கர்ப்பப்பைச் சதைக்குள் வேர் விட்டு ஒட்டிக்கொள்வது. இது ஒரு காலத்தில் மிக அபூர்வம். இப்போது கூடிக்கொண்டே வருகிறது. காரணம், சிசேரியன் தழும்பு. நஞ்சு கீழே இறங்கி வாயை மூடியிருக்கும் பெண்ணுக்கு, இரண்டாவது சிசேரியனில் இப்படி ஒட்டியிருக்க நூற்றுக்குப் பதினொன்று வாய்ப்பு. மூன்றாவது சிசேரியனில் நூற்றுக்கு நாற்பது. பிரிக்கப் போனால் வெள்ளமாக ரத்தம் வரும். பல சமயம் கர்ப்பப்பையையே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள்.

2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் சிசேரியன் இந்தியாவில் 21.5 சதவீதம், கர்நாடகத்தில் 31.5, தமிழ்நாட்டில் 44.9. அவசியமான சிசேரியன் உயிர் காக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நம்மவர்கள் சிலர் பஞ்சாங்கத்தோடு வருகிறார்கள். "டாக்டர், இன்ன நக்ஷத்திரம், காலை 7.40-க்குள் எடுத்துவிடுங்கள், லக்னம் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். எனக்கும் ஜாதகத்தில் நம்பிக்கை உண்டு. ஆனால் காரணமில்லாமல் போட்ட தழும்பு அடுத்த பிரசவத்தில் அந்தப் பெண்ணின் உயிரோடு விளையாடலாம் என்று எந்த ஜோஸ்யரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

யார் மேலும் பழி போடாதீர்கள்

2022 மார்ச்சில் ராஜஸ்தானில் லால்சோட் என்ற ஊரில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடியது. டாக்டர் மேல் கொலை வழக்குப் பதிவாயிற்று. மறுநாள் அந்தப் பெண் டாக்டர் தற்கொலை செய்துகொண்டார். இரண்டு வீட்டிலும் குழந்தைகள் தாயில்லாமல் ஆயின. தவறு நடந்தால் கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். என் "சுமார் 300"-ஐயும் யாராவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் மரணம் எல்லாமே குற்றம் அல்ல. எல்லா டாக்டரும் பயந்துபோனால், சிக்கலான கேஸ் வந்தாலே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று கதவைச் சாத்துவார்கள். வழியில் போகிற உயிர் நம் பெண்ணுடையது.

நாம் செய்ய வேண்டியவை

1. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருகிறோம். பெண் வருவாள், பக்ஷணம் வரும், ஃபைல் மட்டும் பெங்களூரில் தங்கிவிடும். ஸ்கேன், பிபி, ரத்த குரூப் எல்லாம் உள்ள ஃபைல்தான் முதலில் பெட்டியில் ஏற வேண்டும்.

2. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.சி. அறை உண்டா என்று கேட்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் உண்டா, ரத்தம் எங்கிருந்து எத்தனை நிமிஷத்தில் வரும் என்று கேளுங்கள். நமக்கு ஹெப்பாளிலிருந்து ஆறேழு கிலோமீட்டருக்குள் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செலுவாம்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. அது சர்க்கார் ஆஸ்பத்திரி என்று முகம் சுளிக்காதீர்கள். சிக்கலான கேஸ்களைத் தினமும் பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன.

3. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக் கூடாது. நம் தேசத்தில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் சோகை. சோகை உள்ளவளுக்குச் சாதாரண ரத்தப்போக்கே எமன். இரும்பு மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்காதீர்கள், உடம்பில் சேராது. இரண்டு மணி நேரம் தள்ளி, எலுமிச்சை ரசத்தோடு சாப்பிடட்டும்.

4. முகம் கை வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தக் கசிவு, குழந்தை அசைவு குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த க்ஷணமே கிளம்ப வேண்டும். 140/90 என்பது எல்லைக்கோடு. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது. முப்பத்துமூன்று தேசங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. மருந்து தயார், நாம்தான் நேரத்துக்குப் போக வேண்டும். ராகு காலம் முடியட்டும் என்று வாசலில் ஒன்றரை மணி உட்கார்ந்திருந்த குடும்பத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆபத்துக் காலத்தில் தோஷமில்லை என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். வண்டி இல்லையென்றால் 108.

5. குழந்தை பிறந்தவுடன் எல்லோரும் குழந்தை பின்னால் போய்விடுகிறோம். ஒருவராவது தாயின் பக்கத்தில் இருங்கள். துணி எத்தனை நனைகிறது என்று பாருங்கள்.

6. வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் வரை ஆபத்து உண்டு. தீட்டு என்று பெண்ணைத் தனி அறையில் விட்டு, பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்து, அசையாமல் படுக்க வைக்கிறோம். இதனால் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறலாம். தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள், அறைக்குள் நடமாட விடுங்கள். ஜுரம், துர்நாற்றம், ஒரு பக்கக் கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், தலைவலி எது இருந்தாலும் கஷாயத்தில் தீராது. புண்யாஹவாசனத்துக்கு முன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

7. கடைசியாக, இந்தச் சபைக்கு ஒரு விண்ணப்பம். நம் கிளையில் 18 முதல் 65 வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான அங்கத்தினர்களின் ரத்த குரூப், போன் நம்பர் பட்டியல் ஒன்று தயார் செய்யவேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை தாராளமாகக் கொடுக்கலாம். பலஹீனம் வராது, ஆண்மையும் போகாது. அன்று வாசலில் நழுவிய பத்துப் பேர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நமக்குச் சொல்லியாகிவிட்டது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை நடக்கும்போது, பெரியவர்களிடம் அந்தப் பெண்டுகளின் பெயரையும், அவர்கள் போன விதத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் மூத்த பாட்டியின் பெயர் தர்மாம்பாள். அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இருபது வயதாயிற்று. நம் வீட்டுப் பெண்கள் பேரன் பேத்தி எடுத்து, பல்லுப் போய்க் கிழவியாகி, சம்பிரதாயத்தைப் பற்றி நம்மோடு சண்டை போட்டுக்கொண்டு இருக்கட்டும்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். பட்டியலுக்கான நோட்டுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது. என் வயது 65-ஐத் தாண்டிவிட்டதால் என் பெயர் அதில் வராது. முதல் பக்கத்தில் என் பிள்ளை, நாட்டுப்பெண் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். போகும்போது நீங்களும் எழுதிவிட்டுப் போங்கள்.